மலையா, கற்கோயிலா, நதியா? தாய்லாந்தில் குடும்பத்தோடு காரில் போக மூன்று பாதைகள்

தங்கை போன வாரம் போன் செய்தாள். “அண்ணா, அரையாண்டு லீவுக்குத் தாய்லாந்து போறோம். பீச், ஷாப்பிங் எல்லாம் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். கார் எடுத்து ஊர் ஊராப் பார்த்துக்கிட்டே போகணும். எந்தப் பாதை நல்லா இருக்கும்?”

யார் யார் போகிறீர்கள் என்று கேட்டேன். மொத்தம் ஆறு பேர். அவள், மாப்பிள்ளை, பன்னிரண்டு வயதுப் பையன், ஏழு வயதுப் பெண், அப்புறம் அவளுடைய மாமனார், மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி, படி ஏறினால் இரண்டு நாள் படுத்துவிடுவார். மாமனார் முட்டைகூடத் தொடாத சைவம். சின்னவளுக்கு மலைப்பாதை என்றாலே வாந்தி. கையில் இருப்பது பத்து நாள். விமானத்துக்குப் போக, வர இரண்டு நாள் கழித்தால் எட்டு.

இந்தக் கணக்கைக் கேட்ட பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன். தாய்லாந்தில் மூன்று பாதைகளில் வண்டி ஓட்டியிருக்கிறேன். மூன்றும் அழகு. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இந்த ஆறு பேரும் வண்டிக்குள் சேர்ந்து உட்கார முடியும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். என் அனுபவத்தில் அது நான்கு மணி நேரம். அதற்கு மேல் போனால், எவ்வளவு பெரிய கோயில் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாலும் பிள்ளைகள் இறங்க மாட்டார்கள், பெரியவர்களால் இறங்க முடியாது.

நாடு சரியான தேர்வு. நம்மைப் போலவே அங்கும் சாலையின் இடது பக்கம்தான். கம்போடியாவிலும் லாவோஸிலும் வியட்நாமிலும் வலது பக்கம். அதோடு, நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி தரப்படுவது. தாய்லாந்தில் அது செல்லும், வியட்நாமில் செல்லாது. அந்த அனுமதிப் புத்தகத்தையும் நம் ஊர் லைசென்ஸையும் சேர்த்தே கையில் வைத்திருக்க வேண்டும். சோதனைச் சாவடியில் இரண்டையும் கேட்பார்கள். ஒன்று மட்டும் இருந்தால், விபத்து நேரும்போது இன்ஷூரன்ஸ் சிக்கலாகிவிடும்.

சரி, பாதைகளுக்கு வருகிறேன்.

மலைச் சுற்று

படங்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் முதலில் கேட்பது மே ஹோங் சோன் சுற்று. வடக்கே சியாங் மாயில் கிளம்பி பாய், மே ஹோங் சோன், மே சரியாங் வழியாகச் சுற்றி மறுபடி சியாங் மாய்க்கே வந்து சேர்வது. ஏறக்குறைய 600 கிலோமீட்டர். 1,864 வளைவுகள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், சுற்றி முடித்தவர்களுக்குச் சான்றிதழ்கூட உண்டு. கல்யாணமான புதிதில் நானும் மனைவியும் டிசம்பரில் ஐந்து நாளில் சுற்றினோம். என் வாழ்க்கையில் ஓட்டிய சாலைகளில் அதற்கு இணையாக இன்னொன்றைச் சொல்ல மாட்டேன்.

மே ஹோங் சோனுக்கு ‘மூன்று பனிகளின் ஊர்’ என்று பெயர். விடியற்காலையில் ஊர் நடுவில் இருக்கும் சிறிய ஏரிமேல் பனி படுத்திருக்கும். கரையில் சோங் கம், சோங் கிளாங் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோயில்கள். தாய்லாந்தின் மற்ற ஊர்களில் பார்க்கும் கோயில் மாதிரி இருக்காது. அடுக்கடுக்கான கூரையும் தகரச் சரிகை வேலையுமாக முழுக்க பர்மியச் சாயல். அந்த மலைகளில் வாழ்பவர்கள் பெரும்பாலும் ஷான் மக்கள், அவர்களுடைய சொந்தபந்தமெல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம் மேலே போனால் பான் ராக் தாய் என்ற கிராமம். சீன உள்நாட்டுப் போரில் தோற்று யுன்னானிலிருந்து வந்த படைவீரர்களின் குடும்பங்கள் அங்கே தேயிலை பயிரிடுகிறார்கள். ஒரே மாவட்டத்தில் மூன்று நாட்டு வரலாறு. கழுத்தில் வளையம் போட்ட கயான் பெண்களின் கிராமங்களையும் சுற்றுலா நடத்துபவர்கள் காட்டுவார்கள். பர்மாவில் நடந்த போரில் ஊரை விட்டு ஓடிவந்தவர்களை டிக்கெட் வாங்கிப் பார்ப்பது எங்களுக்கு மனம் ஒப்பவில்லை, போகவில்லை. தங்கையிடமும் அதையே சொன்னேன்.

ஆனால் குடும்பத்தோடு என்றால் இந்தச் சுற்று வேண்டாம். இரண்டாவது முறை பிள்ளைகளோடு போனபோது, முழுச் சுற்று வேண்டாம், பாய் வரைக்குமாவது காட்டிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். சியாங் மாயிலிருந்து பாய் 135 கிலோமீட்டர்தான், மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தில் 762 வளைவுகள். மகளுக்கு அப்போது ஆறு வயது. நான்கு முறை வண்டியை ஓரம் கட்டினோம். மூன்றாவது முறை இறங்கியபோது அவள் அழவில்லை, பேசவும் இல்லை, என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு சாலையோரக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முன்னால் பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை. அதைப் பார்க்கும் நிலையில் நாங்கள் யாரும் இல்லை. போன வழியேதான் திரும்பியும் வர வேண்டும் என்பது பாய் போய்ச் சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

தங்கை வீட்டிலும் அதே வயதில் ஒரு பெண் இருக்கிறாள். மாமியாரின் முழங்காலுக்கும் இது ஒத்துவராது. தாம் லோத் குகைக்குள் மூங்கில் தெப்பத்தில் போவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் உள்ளே ஏறி இறங்கச் செங்குத்தான மரப்படிகள். இரண்டு பேர் மட்டும் போகிற காலத்துக்கு இந்தப் பாதையை எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

கிழக்கின் கற்கோயில்கள்

இரண்டாவது பாதை தாய்லாந்தின் வடகிழக்கு, ஈசான் என்று சொல்லும் பகுதி. வெளிநாட்டுக் கூட்டம் குறைவு. சாலை தட்டையாக, நேராக இருக்கும். பாங்காக்கிலிருந்து கோராட் என்கிற நகோன் ராச்சசீமா 260 கிலோமீட்டர். அங்கிருந்து 60 கிலோமீட்டரில் பிமாய். அப்புறம் தெற்கே இறங்கினால் பனோம் ரூங், அதன் அடிவாரத்தில் முவாங் தாம். எல்லாம் கம்போடியாவின் அங்கோர் நகரிலிருந்து ஆண்ட கெமர் அரசர்களின் காலத்துக் கோயில்கள். அங்கோரின் கூட்டம் இல்லாமல், கல்லில் கை வைத்துப் பார்க்கிற தூரத்தில் அதே கலை.

2024இல் அம்மாவை அங்கே அழைத்துப் போனேன். பனோம் ரூங் அணைந்துபோன ஓர் எரிமலையின் உச்சியில் இருக்கும் சிவன் கோயில். நீளமான நடைபாதை, இரு பக்கமும் தாமரை மொட்டு வடிவில் கல் தூண்கள், அது முடியும் இடத்தில் ஐந்து தலை நாகங்கள் கைப்பிடியாக நிற்கும் பாலம், அப்புறம் படிகள். அம்மாவுக்காக மேலே இருக்கும் இன்னொரு வாசல் வரை காரைக் கொண்டுபோனோம். அங்கிருந்து நடை குறைவு. கிழக்கு வாசலுக்கு முன்னால் வந்து அண்ணாந்து பார்த்தவள் நகரவே இல்லை. மேலே முகப்பில் பத்துக் கைகளோடு ஆடும் நடராசர். அதற்குக் கீழே நிலைமேல் கல்லில் பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமாள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டாள். அங்கே யாரும் கழற்றச் சொல்லவில்லை, இப்போது அங்கே பூசையும் கிடையாது. கல் நல்ல சூடு. வெறுங்காலோடு நின்று தேவாரம் ஒன்றை மெல்லிய குரலில் பாடி முடித்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள். உள்ளே நந்தி இருக்கிறது.

அந்தப் பெருமாள் கல்லுக்குத் தனிக் கதை உண்டு. 1960களில் திருடு போய், அமெரிக்காவில் சிகாகோ அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. தாய்லாந்து மக்கள் விடாமல் கேட்டுப் போராடி 1988இல் திரும்பக் கொண்டுவந்து அதே வாசலில் பொருத்தினார்கள். சிலை திருட்டு வழக்குகளைப் படித்துப் படித்து மனம் கசந்துபோன நமக்கு, திருட்டுப் போன கல் தன் பழைய இடத்திலேயே இருப்பதை நேரில் பார்ப்பது பெரிய ஆறுதல்.

பிமாயும் குறைந்ததல்ல. கோயில் பௌத்தம், சிற்பங்களில் ராமாயணம். ஊருக்கு வெளியே மூன் ஆற்றங்கரையில் சாய் ஙாம் என்று ஓர் ஆலமரத் தோப்பு இருக்கிறது. விழுதுகள் இறங்கி இறங்கி ஒரு மரமே தோப்பாகிவிட்டது. பிள்ளைகள் ஒரு மணி நேரம் அதற்குள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள்.

எனக்கு மட்டும் விட்டால் இந்தப் பாதையைத்தான் சொல்வேன். தமிழ்க் கண்களுக்கு இதைவிட நெருக்கமான கோயில்கள் தாய்லாந்தில் இல்லை. ஐந்து நாள் போதும், நான்கு மணி நேர வரம்புக்குள்ளும் அடங்கும். ஆனால் தங்கை போகும் நேரத்துக்கு இரண்டு காரணங்களால் இது ஆகாது.

முதல் காரணம் எல்லை. 2025 ஜூலையில் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் இடையே சண்டை மூண்டது, டிசம்பரில் மறுபடியும். புரிராம், சுரின், சீசாகெட் மாகாணங்களில் எல்லையோர ஊர்க்காரர்கள் வீடுகளை விட்டு வெளியேற வேண்டி வந்தது. பனோம் ரூங் புரிராமில்தான் இருக்கிறது. பிமாய் எல்லையிலிருந்து தள்ளி இருப்பதால் பயமில்லை, ஆனால் பனோம் ரூங்கை விட்டுவிட்டு இந்தப் பாதையில் போவதில் எனக்கு உடன்பாடில்லை. நிலைமை அமைதியாக இருக்கும் ஒரு வருடத்தில், போகும் வாரத்தின் செய்தியைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

இரண்டாவது காரணம் புத்தாண்டு. பாங்காக்கின் தொழிற்சாலைகளிலும் கட்டடங்களிலும் டாக்ஸிகளிலும் வேலை செய்பவர்களில் ஈசான்காரர்கள் மிக அதிகம். நம் ஊரில் பொங்கலுக்குச் சென்னை காலியாவது போல டிசம்பர் 28 முதல் 30 வரை அவர்கள் எல்லோரும் ஊருக்குக் கிளம்புவார்கள். கோராட் சாலை அந்த நாட்களில் நகராது. புத்தாண்டையொட்டிய ஒரு வாரத்தையும், ஏப்ரலில் தாய்லாந்தின் பாரம்பரியப் புத்தாண்டான சோங்கிரான் வாரத்தையும் அங்கே ‘ஏழு அபாய நாட்கள்’ என்று சொல்லி, அரசாங்கமே தினமும் விபத்துக் கணக்கை வெளியிடுகிறது. அந்த நெரிசலுக்குள் ஆறு பேரோடு போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

நதியோடு தெற்கே

மூன்றாவது, பழைய தலைநகரங்களின் பாதை. பெரும்பாலும் பாங்காக்கில் ஆரம்பித்து அயுத்தயா, சுகோத்தாய், லம்பாங், சியாங் மாய் என்று வடக்கே ஏறுவார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். இப்போது கேட்டால், தலைகீழாகப் போ என்பேன். பாங்காக்கில் இறங்கி விமானம் மாறிச் சியாங் மாய் போய்விடு, அங்கே வண்டி எடுத்துத் தெற்கே இறங்கு.

நெரிசல் ஒரு காரணம். டிசம்பர் கடைசியில் கூட்டம் பாங்காக்கை விட்டு வெளியே போகும்போது, நீங்கள் பாங்காக் பக்கம் வந்துகொண்டிருப்பீர்கள். 30ஆம் தேதிக்குள் அயுத்தயா வந்துவிட்டால், ஜனவரி ஒன்று, இரண்டில் ஊர் திரும்பும் வெள்ளத்திலும் சிக்க மாட்டீர்கள். பாங்காக்கும் அந்த நாட்களில் மூச்சுவிட இடம் தரும்.

இன்னொன்று எனக்கு வரைபடத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. சியாங் மாய் பிங் ஆற்றங்கரையில் இருக்கிறது. லம்பாங் வாங் ஆற்றில், சுகோத்தாய் யோம் ஆற்றில், பிட்சனுலோக் நான் ஆற்றில். வாங் பிங்கோடு சேர்கிறது, யோம் நானோடு சேர்கிறது. கடைசியில் பிங்கும் நானும் நகோன் சவானில் கூடி, அங்கிருந்துதான் சாவோ ப்ரயா என்ற பெயரோடு அயுத்தயாவைச் சுற்றிப் பாங்காக் வழியாகக் கடலுக்குப் போகிறது. அரசுகளும் அப்படியே ஆற்றோடு இறங்கின. சுகோத்தாய் 13ஆம் நூற்றாண்டு, சியாங் மாய் 1296, அயுத்தயா ஏறக்குறைய 1350, பாங்காக் 1782. வடக்கிலிருந்து தெற்கே வந்தால் வரலாறு ஏறக்குறைய வரிசையாக வரும். நகோன் சவான் கூடுமுனையில் பத்து நிமிடம் நிறுத்தினால் போதும், இரண்டு ஆற்றுத் தண்ணீரும் வேறு வேறு நிறத்தில் வந்து கலப்பதைப் பையனே கண்டுபிடிப்பான்.

சியாங் மாய்க்கு மூன்று இரவு. அகழி சூழ்ந்த சதுரமான பழைய ஊர், நடந்தே பார்க்கலாம். சேதி லுவாங் கோபுரம் 1545 நிலநடுக்கத்தில் தலை இழந்து நிற்கிறது. தோய் சுதேப் மலைக்கோயிலுக்கு முந்நூற்றுச் சொச்சம் படிகள், மாமியாருக்குத் தண்டவாளத்தில் மேலே ஏறும் இழுவைப் பெட்டி இருக்கிறது. மலைமேல் ஏறும் சாலையிலும் வளைவுகள் உண்டு, ஆனால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சின்னவளை முன் சீட்டுக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார வைத்தால் சமாளித்துவிடுவாள்.

சியாங் மாயிலிருந்து லம்பாங் 100 கிலோமீட்டர்தான். வழியில் ஊருக்கு முன்னாலேயே திரும்பி லம்பாங் லுவாங் கோயிலைப் பார்க்காமல் போகக் கூடாது. சியாங் மாயைத் தலைநகராகக் கொண்டிருந்த லன்னா அரசின் காலத்து, மரத்தால் கட்டிய பழைய கோயில், பக்கச் சுவர் இல்லாத திறந்த மண்டபம். அங்கே ஒரு சிறிய அறை இருக்கிறது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் இருட்டு. கதவு இடுக்கு வழியாக வரும் வெளிச்சத்தில், வெளியே இருக்கும் பொன்னிற ஸ்தூபி வெள்ளைத் துணியில் தலைகீழாகத் தெரியும். பாடப்புத்தகத்தில் ஊசித்துளைக் கேமரா படித்திருந்த என் மகன் துணிக்கு முன்னால் கையை நீட்டி நீட்டிப் பார்த்தான். அந்த அறைக்குள் பெண்களை விடுவதில்லை. என் மகளுக்கு அது பொறுக்கவில்லை, எனக்கும் அதற்கு நல்ல பதில் இல்லை. தங்கை இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது.

லம்பாங்கில் ஓர் இரவு. மறுநாள் டென் சாய் என்ற ஊர் வழியாக இறங்கினால் சி சட்சனாலை வழியில் வரும். சுகோத்தாயின் இரட்டை நகரம், கூட்டமே இருக்காது. அப்புறம் ஒரு மணி நேரத்தில் சுகோத்தாய்.

சுகோத்தாய்க்கு இரண்டு இரவு கொடுக்கச் சொல்கிறேன். பலர் ஒரு பகலில் பார்த்துவிட்டு ஓடுவார்கள், நானும் முதலில் அப்படித்தான் திட்டம் போட்டிருந்தேன். புது ஊரில் தங்காமல், 12 கிலோமீட்டர் மேற்கே பழைய நகரின் மதிலுக்குப் பக்கத்திலேயே தங்க வேண்டும். காலையில் வாசலிலேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். மரநிழல், தாமரைக் குளங்கள், குளத்துக்கு நடுவில் கோயில்கள், தாமரை மொட்டு மாதிரி முடியும் கோபுரங்கள். வண்டிப் போக்குவரத்து குறைவு என்பதால் பிள்ளைகளைத் தனியாக விட்டுவிடலாம். நடக்க முடியாதவர்களுக்காகக் கட்டணம் கட்டிக் காரையே உள்ளே கொண்டுபோகவும் முடியும். சுகம், உதயம் இரண்டும் சேர்ந்ததுதான் சுகோத்தாய் என்று மாமனாரிடம் சொன்னால் சந்தோஷப்படுவார்.

சாயங்காலம் சி சும் கோயிலுக்குப் போங்கள். மதிலுக்கு வெளியே வடக்கில் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் கூரையில்லாத ஒரு சதுரச் சுவர்தான். சுவரில் நெடுக ஒரு குறுகலான பிளவு, அதற்குள் ஒரு முகத்தின் நடுப்பகுதி மட்டும் தெரியும். கிட்டே போகப் போக முகம் விரியும். உள்ளே நுழைந்தால் 15 மீட்டர் உயரத்துக்குப் புத்தர் உட்கார்ந்திருக்கிறார். அஞ்சாதவர் என்று அவர் பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். முழங்கால்மேல் கவிழ்ந்திருக்கும் வலது கை நம் கண் மட்டத்துக்கு வரும். விரல் ஒவ்வொன்றும் ஓர் ஆள் நீளம். வந்தவர்கள் எல்லாம் ஒட்டி ஒட்டி அந்த விரல்களில் பொன் தகடு அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது, ஓரங்கள் காற்றில் லேசாகப் படபடக்கும். மகள் சத்தமில்லாமல் அண்ணாந்து நின்றுவிட்டுக் கேட்டாள்: “இவருக்கு மழை பெஞ்சா நனையுமாப்பா?” நனையும். பல காலமாக நனைந்துகொண்டுதான் இருக்கிறார்.

சுகோத்தாயிலிருந்து அயுத்தயா 350 கிலோமீட்டர். இந்தப் பயணத்திலேயே நீளமான நாள் இதுதான், நான்கு மணி நேர வரம்பைக் கொஞ்சம் தாண்டும். பிட்சனுலோக்கில் சின்னராத் புத்தர் கோயில், நகோன் சவானில் ஆறுகள் கூடும் இடம், இரண்டிலும் நிறுத்தினால் பொழுது நன்றாகக் கழியும். சாலை அகலம், வளைவு இல்லை. பெட்ரோல் பங்க் ஒவ்வொன்றும் ஒரு சின்ன ஊர் மாதிரி. சுத்தமான கழிவறை, கடை, காபி, உட்கார நிழல். நம் நெடுஞ்சாலையில் பெண்கள் படும் பாட்டை நினைத்துக்கொண்டேன்.

அயுத்தயா என்பது அயோத்தி. மூன்று ஆறுகள் சூழ்ந்த தீவுக்குள் இருந்த இந்த நகரத்தை 1767இல் பர்மியப் படை எரித்தது. தலையில்லாத புத்தர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் கட்டாயம் ஏன் என்று கேட்பார்கள். போர் மட்டுமல்ல, பின்னால் வந்த திருடர்களும் தலையை வெட்டிப் பணக்காரர்களுக்கு விற்றார்கள் என்பதையும் சொல்லுங்கள். மகாதாத் கோயிலில் மரத்தின் வேருக்குள் மாட்டியிருக்கும் புத்தர் முகத்தோடு படம் எடுக்கும்போது உட்கார்ந்துகொள்ள வேண்டும், நம் தலை அதைவிட மேலே இருக்கக் கூடாது. மாலையில் படகில் போய் சாய்வத்தனாராம் கோயிலை ஆற்றிலிருந்து பாருங்கள். முழங்கால் வலிக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. ஊ தோங் சாலையில் ரொட்டி சாய் மாய் விற்பார்கள். நூல் நூலாக இழுத்த சர்க்கரையை, காகிதம் மாதிரி மெல்லிய ரொட்டியில் வைத்து நாமே சுருட்டிக்கொள்வது. பிள்ளைகள் அங்கிருந்து கிளம்ப மாட்டார்கள்.

காரா, டிரைவரோடு வேனா

மாப்பிள்ளை நன்றாக ஓட்டுவார், அவருக்கு ஓட்டத்தான் ஆசை. ஆனால் ஆறு பேர் என்றால் ஏழு சீட் வண்டி வேண்டும். மூன்றாவது வரிசையை விரித்துவிட்டால் பின்னால் இரண்டு சின்னப் பெட்டி வைக்கத்தான் இடம் இருக்கும். ஆறு பேரின் பத்து நாள் சாமான் மடியில்தான் வரும். அதோடு, மூன்றாவது வரிசையில் ஏறி இறங்க மாமியாரால் முடியாது. ஓர் ஊரில் எடுத்து இன்னோர் ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

வேன் என்றால் டிரைவரோடு வரும். உயரமான கூரை, நிமிர்ந்தே உள்ளே நடக்கலாம், பெட்டிகளுக்குத் தனி இடம். பேசும்போது நான்கு விஷயத்தைத் தெளிவாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: டீசல் யாருடையது, டோல் யாருடையது, டிரைவர் தங்கும் செலவு யாருடையது, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம். எங்களுக்கு ஒரு முறை வேன்காரர் கடைசி நாளில் டிரைவரின் அறை வாடகையையும், வண்டி வெறுமனே திரும்பிப் போகும் டீசலையும் சேர்த்துக் கேட்டார். வாயால் பேசியிருந்தோமே தவிர எழுத்தில் எதுவும் இல்லை, கொடுத்துவிட்டுத்தான் வந்தோம். இந்தப் பாதையில் வேன் திரும்பிச் சியாங் மாய் போக வேண்டியிருப்பதால் இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம்.

நான்கு பேர் என்றால் தயங்காமல் கார் என்பேன். சாலைகள் நல்லவை, யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள், நாமும் அடிக்கக் கூடாது. கவனம் வேண்டியது ஒன்றில்தான். நெடுஞ்சாலை நடுவே யூ-டர்ன் திறப்புகள் இருக்கும். வேகமாகப் போகும் வலது தடத்திலேயே முன்னால் போகும் வண்டி திடீரென்று நின்று திரும்பக் காத்திருக்கும், எதிர்ப்பக்கம் போகிற லாரியும் நம் தடத்துக்குள் திரும்பி வரும். வலது தடத்தில் ஒட்டிக்கொண்டே போகும் நம் ஊர்ப் பழக்கத்தை விட்டுவிட்டு இடது பக்கமே போனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இருட்டிய பிறகு ஓட்டவே வேண்டாம்.

தங்கை வீட்டுக்கு வேன்தான். மாப்பிள்ளையின் ஆசைக்கு, சியாங் மாயில் இருக்கும் மூன்று நாளில் ஒரு நாள் சின்னக் கார் எடுத்து, பையனை மட்டும் அழைத்துக்கொண்டு நாட்டிலேயே உயரமான தோய் இந்தனோனுக்குப் போய்வரட்டும். 2,565 மீட்டர், டிசம்பர் காலையில் உச்சியில் நல்ல குளிர். பெரியவர்கள் அன்று ஓய்வெடுக்கலாம்.

மாமனாரின் சாப்பாடு

சைவம் என்று சொன்னால் புரியும், ஆனால் மீன் சாஸும் சிப்பிச் சாஸும் அவர்கள் கணக்கில் சைவத்துக்குள் வந்துவிடும். ‘ஜே’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். பௌத்த விரத உணவு அது. மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்தோடு கொடி தொங்கும் கடைகளைத் தேடுங்கள். சியாங் மாயில் நிறைய உண்டு. லம்பாங்கிலும் சுகோத்தாயிலும் குறைவு. அந்த மூன்று இரவுக்கும் ஒரு சின்ன ரைஸ் குக்கர், பருப்புப் பொடி, ஊறுகாய் எடுத்துப் போனால் மாமனாரும் நிம்மதி, நீயும் நிம்மதி. நல்ல அரிசி எங்கேயும் கிடைக்கும்.

வேறு விடுமுறையில் போவதாக இருந்தால் என் பதில் மாறும். காலாண்டு விடுமுறை சமயத்தில் மழை உச்சம். யோம் ஆறு கரை புரண்டு சுகோத்தாயையும், சாவோ ப்ரயா அயுத்தயாவையும் நனைப்பது வழக்கம், 2011இல் அயுத்தயா கோயில்களே நீரில் நின்றன. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வடக்கே காடும் வயலும் எரியும் புகை, சியாங் மாயில் எதிரே இருக்கும் மலைகூடத் தெரியாது. டிசம்பர்தான் இந்தப் பாதைக்கு மாதம்.

நேற்று ராத்திரி தங்கை மறுபடி கூப்பிட்டாள். சியாங் மாய்க்கு டிக்கெட் போட்டாயிற்று. சியாங் மாய் மூன்று, லம்பாங் ஒன்று, சுகோத்தாய் இரண்டு, அயுத்தயா இரண்டு, கடைசி இரவு பாங்காக் என்று ஒன்பது இரவுக்கும் அறை பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாங்காக்குக்கு இன்னொரு நாள் வேண்டும், சுகோத்தாயில் ஒன்றைக் குறைக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்கிறாராம். லம்பாங்கைக் குறைத்துக்கொள், கோயிலைப் பார்த்துவிட்டு அன்றைக்கே சுகோத்தாய் வந்துவிடு என்றேன். அந்த நாளும் வரம்பைத் தாண்டி ஐந்து மணி நேரம் ஆகும். சின்னவள் தூங்கிவிடுவாள். சுகோத்தாயின் இரண்டு இரவில் கை வைக்க வேண்டாம்.